தூள், ஐஸ், குளிசை, கசிப்பு: எந்த மணித்தியாலத்தில் என்ன ஆபத்து

"குறட்டை விட்டு நல்லா நித்திரை கொள்றான், விடியட்டும் பாப்பம்." போதையோடு வந்து படுத்தவரைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் இந்தப் பேச்சை மட்டும் நம்பவே வேண்டாம். ஹெரோயின் எடுத்தவரின் குறட்டை பல வேளை நித்திரைக் குறட்டை இல்லை. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிற சத்தம் அது. விடியும்போது உடம்பு குளிர்ந்துபோயிருக்கும்.

கள்ளச் சாராயமான கசிப்பின் கதை வேறு. இரவு சிரித்துப் பேசிவிட்டுப் படுத்தவர் அடுத்த நாள் மத்தியானம்தான் "கண் மூட்டமாக் கிடக்கு" என்பார். பத்து வருடம் நாள் தவறாமல் குடித்து, கண்ணகி அம்மன் சடங்குக்கு நேர்ந்து ஒரேயடியாக நிறுத்தியவரோ, முதல் நாள் கை நடுங்கி, மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்லத் தொடங்குவார். ஒவ்வொரு போதைக்கும் ஒவ்வொரு கடிகாரம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அதிகம் புழங்கும் பொருட்களின் கடிகாரத்தை வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருந்தால், எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்கு மூன்று நாள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் மூச்சை எண்ணுங்கள்

எழுப்பினால் எழும்பாதவர் என்ன எடுத்தார் என்று தேடுவதற்கு முன் மூச்சைப் பாருங்கள். தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் விரல்களை மடக்கி, மொளியால் நடு நெஞ்செலும்பில் அழுத்தித் தேயுங்கள். ஆழ்ந்த நித்திரையில் இருப்பவரும் இதற்கு எழும்பிவிடுவார். முனகிவிட்டு மறுபடி சரிந்தால் வயிற்றின் மேற்பகுதியில் கையை வைத்து, போனில் நேரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. மூச்சு மந்தமாகும்போது அது ஒரே சீராக வராது. இரண்டு மூச்சு வந்து, பிறகு நீண்ட இடைவெளி விழும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. 10க்குக் கீழே போனாலோ, கொரகொரப்புச் சத்தம் கேட்டாலோ, உதட்டின் உட்பக்கமும் நகமும் நீலம் பாய்ந்திருந்தாலோ உடனே 1990. எங்கள் நிறத்தில் உதட்டின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் நீலம் பிடிபடாது. உதட்டை விரித்து உள்ளே பாருங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. படுவான்கரைப் பக்கம் என்றால் எந்தப் பாலம் தாண்டி, எந்த மதகு, எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். "ஆள் எழும்புறார் இல்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சு" என்று எண்ணிக்கையோடு சொல்வது, "மயங்கிட்டார்" என்று கத்துவதைவிடப் பல மடங்கு பயன். ஒருவரை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள். சொந்த வாகனத்தில் போவதென்றால் தூரத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரியைக் குறிவைத்து ஓடாதீர்கள். ஒட்சிசன் இருக்கிற கிட்டிய அரச ஆஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள். அங்கிருந்து அவர்களே மாற்றி அனுப்புவார்கள்.

அம்புலன்ஸ் வரும்வரை, மூச்சு இருக்கிறவரை இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். அவரின் இடப்பக்கம் முழந்தாளிட்டு, இடக்கையை உடம்புக்குச் செங்குத்தாக வெளியே நீட்டி, வலக்கையின் புறங்கையை இடக் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வல முழங்காலை மடக்கி, அந்த முழங்காலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் எவ்வளவு பாரமான ஆளும் புரள்வார். வாய் நிலத்தைப் பார்க்கட்டும், நாடி சற்று மேல்நோக்கி இருக்கட்டும். சத்தி வந்தாலும் வெளியே வழியும். மல்லாந்து கிடப்பவரின் சத்தி நேரே நுரையீரலுக்குப் போகும். போதையில் இறப்பவர்களில் கணிசமானோர் போவது இந்தச் சத்தியால்தான்.

மூச்சு நின்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். அசைவோ நாடித்துடிப்போ இல்லை என்றால் நடு நெஞ்சில் இரு கையையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தலுக்கு இரண்டு ஊதல்.

தேசிக்காய்ச் சாறு, மோர், உப்புத் தண்ணீர், கோப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அரை மயக்கத்தில் விழுங்கும் சக்தி குறைந்துவிடும். ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும். உப்புத் தண்ணீர் இரத்தத்தில் உப்பை ஏற்றி மூளையையே கெடுக்கும். கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாளி வாளியாக ஊற்றுவதும், கைத்தாங்கலாக நடத்துவதும் நேரத்தைத் தின்கிற வேலைகள்.

விழிப்போடு இருப்பவரிடம் கேட்க மூன்றே கேள்வி, அதுவும் கோபமில்லாமல்: "மனே, அடிக்க மாட்டன். என்ன எடுத்த, எத்தின மணிக்கு, எத்தின எடுத்த?" அடி விழும் என்று பயந்தால் பொய்தான் வரும், அந்தப் பொய்யை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. குளிசை மட்டை, பக்கெட், போத்தல் எது கிடந்தாலும் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

தூள்

ஹெரோயினைப் பவுடர், தூள், குடு என்பார்கள். பெரும்பாலும் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையாக இழுப்பார்கள். அறையில் கறுத்த கோடு விழுந்த ஈயத்தாள், வெட்டிய ஸ்ட்ரோத் துண்டு, அளவுக்கு மீறி லைட்டர்கள் கிடந்தால் கவனியுங்கள். ஆளிடம் பார்க்க வேண்டியது கண். மங்கல் வெளிச்சத்தில் எல்லாருக்கும் கண்ணின் கறுப்பு மணி விரியும்; தூள் எடுத்தவருக்கு அப்போதும் குண்டூசித் தலை அளவில் சுருங்கியே இருக்கும். மூக்கைச் சொறிவது, குரல் அடங்கிப்போவது, கதைத்துக்கொண்டிருக்கும்போதே தலை தொங்குவது, நாட்கணக்கில் மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து வரும்.

இழுத்த சில நிமிடத்திலேயே மூச்சு மந்தமாகத் தொடங்கும். ஒரு பக்கெட்டில் எவ்வளவு ஹெரோயின், எவ்வளவு கலப்படம் என்பது விற்பவருக்கே தெரியாது. நேற்றைய அளவுதான் இன்றும் என்ற கணக்கு அதனால் பிழைக்கிறது. கூடவே சாராயமோ நித்திரைக் குளிசையோ சேர்ந்தால், தனித்தனியே தாங்கக்கூடிய இரண்டு அளவுகள் சேர்ந்து மூச்சை நிறுத்தும்.

ஆஸ்பத்திரியில் ஹெரோயினின் வேகத்தை முறிக்கிற நலொக்சோன் ஊசி போட்டால் சில நிமிடத்தில் ஆள் எழும்பி உட்காருவார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போதை சட்டென்று அறுந்த கோபத்தில் "என்னை வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று சண்டை பிடிப்பார். வீட்டாரும் வெட்கத்தில் கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நலொக்சோன் வேலை செய்வது ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடம். உடம்பில் உள்ள போதைப்பொருள் அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். ஊசியின் வேகம் தீர்ந்ததும் மயக்கம் திரும்பும். வைத்தியர் போகச் சொல்லும்வரை வார்ட்டை விட்டு அசையக் கூடாது.

நிறுத்தினால் 8 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கு வடிதல், மயிர்க்கூச்சு. இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம்: வயிற்றோட்டம், சத்தி, காலில் இழுப்பு, நித்திரையில்லாமை. ஒரு கிழமையில் உடம்பு அடங்கும்; ஆசை அடங்க மாதங்கள் செல்லும். இந்த நோவு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் உடற்சுகமுள்ள இளைஞரை அது நேரடியாகக் கொல்வது அரிது. நீர் வற்றினால்தான் ஆபத்து. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புக் கரைசல்) ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரைப் பக்கெட், அரை லீற்றர் என்று பிரிக்காதீர்கள், அளவு பிசகும். கஞ்சியும் இளநீரும் நல்லதுதான், ஆனால் ஜீவனிக்குப் பதிலாகாது.

குளிசைகள்

நடை தள்ளாடுகிறது, நாக்குக் குழறுகிறது, வாயில் சாராய மணம் இல்லை. இப்படியென்றால் குளிசையைச் சந்தேகியுங்கள். இப்போது அதிகம் பிடிபடுவது பிரிகபலின். நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் வைத்தியர் எழுதுகிற நல்ல மருந்து, 150 மி.கி. கப்சூலாகப் போதைக்கு விற்கிறார்கள். தனியே எடுத்தால் பெரும்பாலும் மயக்கத்தோடு போகும். தூள், சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும். நாளாந்தம் எடுத்துப் பழகியவர் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம்.

ட்ரமடோல் வேறு விதம். அது நோவுக் குளிசை. வைத்தியர்கள் ஒரு நாளைக்கு 400 மி.கி.க்கு மேல் கொடுப்பதில்லை. அளவு கூடினால் நித்திரை வருவதற்கு முன்பே வலிப்பு வந்துவிடலாம். மன அழுத்தத்துக்கு ஏற்கனவே மருந்து எடுப்பவருக்கு இது இன்னும் ஆபத்து: உடம்பு கொதித்து, நடுங்கி, விறைக்கத் தொடங்கும். வலிப்பு வந்தால் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். பக்கத்திலுள்ள கூரான பொருட்களை விலக்கி, தலைக்குக் கீழே துணி வைத்து, நேரத்தைப் பாருங்கள். அடங்கியதும் பக்கவாட்டில் சரியுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அடங்கித் தெளியாமல் மறுபடி வந்தாலோ உயிராபத்து. போதையில் வந்த வலிப்பு ஒன்றே ஒன்று என்றாலும், அடங்கிவிட்டது என்றாலும் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும்.

டயசிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளை மாதக்கணக்கில் எடுத்தவரின் மட்டையைப் பறித்துக் கக்கூசில் கொட்டுவது அன்பில் செய்கிற பிழை. இவற்றை வைத்தியர் கிழமைக் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு, சிலவேளை மரணம்.

இன்னொன்று, அநேகமானோர் கணக்கெடுக்காதது. கோடீன் கலந்த நோவுக் குளிசைகள் சிலவற்றில் பரசிட்டமோலும் சேர்ந்திருக்கும். கோடீன் தரும் போதைக்காகப் பத்து, இருபது என்று விழுங்குபவர் பரசிட்டமோலையும் அதே கணக்கில் விழுங்குகிறார். முதல் நாள் கொஞ்சம் ஓங்காளம் மட்டும். இரண்டாம் நாள் "சுகமாகிட்டு" என்பார். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி ஈரல் செயலிழக்கும். மாற்று மருந்து உண்டு, அது எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் மிக நன்றாக வேலை செய்யும். ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல், மட்டையில் எத்தனை குறைகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

ஐஸ்

மெத்தம்பெற்றமைன். கண்ணாடித் துகள் போல இருப்பதால் ஐஸ் என்ற பெயர். தூளுக்கு எல்லாமே எதிர்மாறு: கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், பசி போகும், இரண்டு மூன்று நாள் நித்திரையே வராது, தாடை அரைபடும். பரீட்சைக்குப் படிக்க, இரவில் வாகனம் ஓட்ட, ஆழ்கடலில் விழித்திருக்க என்று சொல்லித்தான் முதல் தடவை கொடுப்பார்கள். விழிப்பு கிடைப்பது உண்மை. அதனால்தான் இந்தப் பொய் விலை போகிறது. ஆனால் அந்த விழிப்பு கடனுக்கு வாங்கியது. போதை 8 முதல் 12 மணித்தியாலம், சிலருக்கு அதற்கும் மேல் நிற்கும். பிறகு ஒன்றிரண்டு நாள் கட்டை போல நித்திரை.

எடுத்த முதல் மணித்தியாலங்களில் கொல்வது சூடும் இதயமும். சித்திரை, வைகாசி வெயிலில் வயலிலோ வள்ளத்திலோ நின்றால் உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டும். இது காய்ச்சல் இல்லை; பரசிட்டமோல் கேட்காது. நிழலுக்குக் கொண்டுவந்து சேட்டைக் கழற்றி, கழுத்து, கமக்கட்டு, கவட்டு மூன்று இடத்திலும் ஈரத்துணி போட்டு விசிறுங்கள். இருபது வயதுப் பெடியன் நெஞ்சு நோகுது என்றால் "வாயு" என்று இஞ்சிப் பிளேன்டி கொடுக்காதீர்கள். ஐஸ் இரத்தக் குழாயைச் சுருக்கி அந்த வயதிலும் மாரடைப்பைக் கொண்டுவரும். ஒரு பக்கக் கை கால் இழுப்பதும் அப்படியே. இரண்டுக்கும் 1990.

நித்திரை இல்லாத இரண்டாம், மூன்றாம் நாளில் சந்தேகம் தொடங்கும். கதவிடுக்கால் பார்ப்பார், போனில் யாரோ கேட்கிறார்கள் என்பார், வீட்டாரையே எதிரி என்பார். அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் கதைக்க வேண்டும், தாழ்ந்த குரலில். "அப்படி ஒண்டுமில்ல, உனக்குப் பைத்தியம்" என்று வாதாட வேண்டாம், "பயமா இருக்கா? நான் இங்கதான் இருக்கன்" என்பது போதும். டீவியை நிறுத்தி, கத்தி, கோடாரியைக் கண்ணில் படாமல் எடுத்து, வாசலை மறித்து நிற்காமல் விலகி நில்லுங்கள். ஆயுதம் எடுத்தால் எல்லாரும் வெளியேறி 119க்கு அழையுங்கள். நாலு பேர் சேர்ந்து குப்புறக் கிடத்தி முதுகில் ஏறி உட்காருவது இந்த ஊரில் பார்க்கக்கூடிய காட்சி. ஐஸ் போதையில் திமிறுபவருக்கு அது மூச்சையும் இதயத்தையும் நிறுத்தும்.

போதை இறங்கிய பின்தான் வீட்டார் அயர்வார்கள். அப்போதுதான் அயரக் கூடாது. முதல் சில நாளும், அடுத்த ஒன்றிரண்டு கிழமையும் மனம் பாதாளத்தில் கிடக்கும். தற்கொலை எண்ணம் வரும் காலம் இது. வயல் வீடுகளில் பூச்சிநாசினிப் போத்தல் கோடிக்குள்ளோ கட்டிலுக்குக் கீழேயோ கிடப்பது வழமை. அதை அன்றைக்கே வேறு வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டி வையுங்கள். ஹெரோயினுக்கு நலொக்சோன் இருப்பதுபோல ஐஸுக்கு மாற்று ஊசி எதுவும் இல்லை. நித்திரை, சாப்பாடு, ஆள் துணை, உளநல கிளினிக், அவ்வளவுதான்.

குடி

சாராயத்தை விட்டுப் பியருக்கு மாறினால் குறைத்ததாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சாராயம் பொதுவாக 33.5 வீதம், கால் போத்தல் 180 மி.லீ. அதில் ஏறத்தாழ 48 கிராம் சுத்த மதுசாரம். 625 மி.லீ. ஸ்ட்ரோங் பியர் போத்தலில் 8 வீதம் என்றாலே ஏறத்தாழ 40 கிராம். அதாவது ஒரு ஸ்ட்ரோங் பியர் கிட்டத்தட்ட ஒரு கால். ஈரல் மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராமைத்தான் எரிக்கும். இரவு 10 மணிக்கு அரைப் போத்தலை முடித்தவரின் இரத்தத்தில் காலை 7 மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதும் சாராயம் மிச்சமிருக்கும். சேலைன் ஏற்றினாலோ தலைக்கு முழுகினாலோ இந்த வேகம் கூடாது. நாட்பட்ட குடிகாரருக்கு விற்றமின் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் சேலைனை மட்டும் ஏற்றுவது மூளையையும் பாதிக்கலாம்.

கசிப்பில் பயப்பட வேண்டியது மெதனோல் என்கிற நச்சு மதுசாரம். மணத்தாலோ ருசியாலோ பிடிபடாது. பற்றவைத்து நெருப்பின் நிறத்தைப் பார்க்கிற சோதனையையும் நம்பக் கூடாது. குடித்த அன்று வழமையான வெறிதான். 12 முதல் 24 மணித்தியாலம் கழித்து வயிற்று நோ, சத்தி, வேகமான மூச்சு, கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் புகார். இதை "நேற்றைய வெறி இறங்கேல்ல" என்று விட்டால் கண் பார்வை நிரந்தரமாகப் போகும், உயிரும் போகும். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு, மணித்தியாலத்தில் தொடங்கினால். ஒரே போத்தலில் குடித்த மற்றவர்களையும், இப்போது நன்றாக இருந்தாலும், கூட்டிக்கொண்டு போங்கள்.

குடியை நிறுத்துவதில் இருக்கிற ஆபத்து, தூளை நிறுத்துவதைவிடப் பெரியது. ஊரில் இதை நம்புவார் இல்லை. நாளாந்தம் அதிகம் குடித்தவர் நிறுத்தினால் 6 மணித்தியாலத்தில் கை நடுக்கம், வியர்வை. 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து மூன்றாம், நாலாம் நாளில் காய்ச்சல், ஆள் தெரியாத குழப்பம், இல்லாததைக் காணுதல். இது வைத்தியமில்லாமல் விட்டால் கொல்லும். காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் இருவரும் வீட்டில் நிறுத்தக் கூடாது. வார்ட்டில் சேர்ந்து நிறுத்த வேண்டும். நேர்த்திக்கடன் வைப்பவர் திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன் கிளினிக்குக்குப் போனால் நேர்த்தியும் நிறைவேறும், ஆளும் இருப்பார்.

கஞ்சாவும் மாவாவும்

கஞ்சா மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் நாளாந்தம் புகைப்பவருக்கு மனநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் இன்னும் அதிகம். டொபி போலக் கடைகளில் வைத்து விற்கப்படும் மதனமோதகத்திலும் இருப்பது கஞ்சாதான். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் கழித்தே ஏறும். "ஒண்டும் செய்யேல்ல" என்று பெடியன் இன்னொன்று தின்பான், பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். நெடுங்காலம் புகைத்தவர் திரும்பத் திரும்பச் சத்தி எடுத்து, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் சுகம் என்றால் அது வயிற்று வருத்தம் இல்லை, கஞ்சாதான்.

மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது), பாக்கு, புகையிலை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பாக்கைத் தனியாகவே, புகையிலை சேராமலே, புற்றுநோய் தரும் பொருள் என்று 2004 இல் வகைப்படுத்தியது. சோதனை எளிது. மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் விடுங்கள். இரண்டுதான் போகிறது, காரம் தாங்க முடியவில்லை, கன்னத்தின் உட்பக்கம் வெளிறி விறைத்திருக்கிறது என்றால் பல் வைத்தியரிடம் அந்தக் கிழமையே காட்டுங்கள்.

போதை என்று நினைத்துக் கோட்டை விடுவது

வயல் சூழ்ந்த ஊரில் கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கி மயங்கிக் கிடப்பவர் எல்லாரும் தூள் எடுத்தவர் அல்ல. ஒரு வகைப் பூச்சிநாசினியும் கண்ணை அப்படியே சுருக்கும். வேறுபாடு ஈரம். தூள் எடுத்தவர் உலர்ந்து கிடப்பார். பூச்சிமருந்து குடித்தவருக்கு, அல்லது காற்றுக்கு எதிரே நின்று அதை அடித்தவருக்கு, வாயால் நுரை, கண்ணீர், வியர்வை, சலம் எல்லாம் ஒன்றாக வழியும், தசை துடிக்கும், உடுப்பில் மருந்து மணக்கும். உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை அல்லது பொலித்தீன் பை போட்டுக்கொள்ளட்டும்.

நிலத்தில் படுத்தவர் விடியற்காலையில் கண்ணிமை தூக்க முடியாமல், நாக்குக் குழற, வயிற்று நோவோடு எழும்பினால் கட்டு விரியன் கடியை நினையுங்கள். கடித்த இடம் நோகாது, வீங்காது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் வியர்த்துத் தள்ளாடினால் சீனி இறங்கியிருக்கலாம். குடித்து விழுந்தவர் நேரம் செல்லச் செல்லத் தெளியாமல் மங்கிக்கொண்டே போனால் தலைக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சலம் பார்க்கும் பட்டி

பார்மசியில் வாங்கும் பட்டியை வைத்துப் பிள்ளையை அடித்த வீடுகள் பல. பட்டியை வாசிக்கத் தெரியாமல் அடித்தவையும் அதில் உண்டு. கர்ப்பப் பட்டிக்கு நேரெதிர் இது: இரண்டு கோடு என்றால் இல்லை, ஒரு கோடு என்றால் உண்டு. இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது இல்லை என்றுதான் அர்த்தம். கவரில் எழுதிய நிமிடத்தில், வழமையாக ஐந்தாவது நிமிடத்தில் வாசியுங்கள். காய்ந்த பிறகு வாசிப்பது செல்லாது. ஹெரோயினும் ஐஸும் ஏறத்தாழ இரண்டு மூன்று நாள் வரை காட்டும். நாளாந்தம் கஞ்சா புகைத்தவருக்கு நிறுத்திச் சில கிழமைக்குப் பிறகும் காட்டலாம். கோடீன் கலந்த இருமல் பாணி குடித்தவருக்கும் ஹெரோயின் பட்டி உண்டு என்று சொல்லும். பிரிகபலினும் ட்ரமடோலும் அந்தப் பட்டியில் தெரியவே தெரியாது.

எங்கே போவது

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆதார வைத்தியசாலைகளில் எதற்குப் போனாலும் வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் வழி காட்டுவார்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கும், மன உளைச்சலுக்கு 1926க்கும் எந்நேரமும் அழைக்கலாம். சங்கிலியில் கட்டி, அடித்துத் திருத்துகிறோம் என்கிற தனியார் இடங்களில் விடாதீர்கள். அங்கே குடியை நிறுத்தியவருக்கு இரண்டாம் நாள் வலிப்பு வந்தால் பார்க்க வைத்தியர் இருக்கமாட்டார். சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரவில் வைத்தியர் யார்?

சட்டத்தையும் பெடியனுக்குச் சொல்லி வையுங்கள். 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிற்காலத் திருத்தங்களோடு, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். ஐஸுக்கு 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தம் அந்த எல்லையை 5 கிராமில் வைத்தது. "இத அவன்ட கையில குடுத்திட்டு வா" என்று பொதி கொடுத்தவர் அதன் நிறையைச் சொல்வதில்லை.

சிகிச்சையோ மறியலோ முடிந்து வீட்டுக்கு வந்த முதல் இரண்டு கிழமைதான் தூள் எடுத்தவருக்கு எல்லாவற்றிலும் ஆபத்தான காலம். பழைய அளவைத் தாங்கும் பழக்கம் உடம்பை விட்டுப் போயிருக்கும், ஆசை போயிருக்காது. ஒரு தடவைதானே என்று பழைய அளவையே எடுப்பார், அதுவும் தனியாக, பூட்டிய கதவுக்குப் பின்னால். இதை அவருக்கு முகத்துக்கு நேரே, குத்தலில்லாமல் சொல்லுங்கள். குளியலறைக் கதவின் உள் கொண்டியைக் கழற்றிவிட்டு, இழுத்தால் வெளியிலிருந்தும் திறக்கிற கொளுக்கியைப் போடுங்கள்.